புழு இறக்குமதி செய்த கண்டாக்கையா

1. மூன்றாம் நாள்

றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனை என் கையில் ஒப்படைத்தார்கள். மூன்றாம் நாளே அதைக் கெடுத்துவிட்டேன். என் சேர்விஸில் வேறு எந்த வேலையையும் இவ்வளவு வேகமாக நான் முடித்ததில்லை.

கம்பனிகள் அரசாங்கத்திடமிருந்து தோட்டங்களைப் பொறுப்பெடுத்து இரண்டு, மூன்று வருஷம் ஆகியிருந்த காலம். அதுவரை கணக்கப்பிள்ளையாக இருந்த எனக்கு அப்போதுதான் பதவி உயர்வு வந்தது. கள உத்தியோகத்தர் என்பது கடிதத்தில் உள்ள பெயர். ஆட்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் லயத்தில் கண்டாக்கையா என்று சொன்னால்தான் தெரியும். புதிய காக்கிக் காற்சட்டை, புதிய சப்பாத்து, கையில் ஒரு பிரம்பு. உள்ளே மட்டும் பழைய ஆள்தான். தோட்ட மனேஜரான பெரிய தொரையின் ஜீப் சத்தம் கேட்டால் செடிக்குப் பின்னால் ஒதுங்குகிற ஆள்.

மூன்றாம் நாள் காலை ஆறாம் நம்பர் மலையில் நின்றேன். தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டும் எங்களுக்கு ஒரு மலைதான். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த செல்லாயி என்னைக் கூப்பிட்டார். அந்தக் கூட்டத்தில் அவர் வயதில் மூத்தவர் அல்ல. வாயில் மூத்தவர்.

"ஐயா, இங்க பாருங்க. புழு வீடு கட்டியிருக்கு."

இரண்டு இளம் இலைகளைப் பட்டு நூலால் ஒட்டவைத்து ஒரு சுருள். பிரித்தால் உள்ளே பச்சைப் புழு ஒன்று, குடும்பஸ்தன் மாதிரி நிம்மதியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.

"எத்தனை இருக்கும்?"

"இந்த மலையில தேடுனா பத்து சுருளு இருக்கும். எப்பவும் இருக்கிறதுதான்."

எப்பவும் இருக்கிறதுதான் என்ற பகுதி என் காதில் ஏறவில்லை. என் காதில் கேட்டது, 'புதிய கண்டாக்கையா வந்த வாரமே டிவிஷனைப் புழு தின்றது' என்று தொரை யாரிடமோ சொல்லும் குரல். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவருக்குப் புழு வந்ததே தெரியாது. ஆனாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மருந்தடிக்கும் கேங்குக்குப் பொறுப்பு மருதமுத்து கங்காணி. பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, அவரை வரச்சொன்னேன்.

"ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. நாலு மலைக்கும் அடிங்க."

"பத்து சுருளுக்காங்க ஐயா?"

"பத்து நாளையில நூறாகும் கங்காணி."

"அப்ப நூறானப்புறம் அடிப்போமே."

"அடிங்கன்னா அடிங்க."

அடித்தார்கள். ஒரு வாரம் கழித்து மலையேறிப் பார்த்தேன். சிலந்தி வலை இல்லை. எறும்பு இல்லை. காலடியில் வெட்டுக்கிளிகூடத் துள்ளவில்லை. மலை அவ்வளவு சுத்தம். அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டு சீட்டியடித்தபடி இறங்கி வந்தேன். அந்தச் சீட்டியை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

2. புழுவுக்குக் கட்டின லயம்

இரண்டு மாதம் போயிருக்காது. நாலு மலையிலும் சுருள் இல்லாத கொழுந்தைத் தேட வேண்டியதாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தீய்ந்த ரொட்டி நிறம். பெண்கள் நிரைக்கு நிரை நடந்து, மத்தியானம் நிறுவைக்கு வந்து கூடையைக் கவிழ்த்தால் பாதிக்கூடை. பாதிக்கூடைக்கு அரைப்பேர்தான் விழும். அதாவது ஒரு நாள் உழைப்பு அரை நாளாகப் பதியப்படும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கர் அந்தக் கொழுந்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இதுல இறைச்சி கூட, இலை குறைவு" என்று சொல்லியனுப்பினார்.

பெரிய தொரை வந்தார். சிங்களவர். தோட்டத்திலேயே இருபது வருஷம் இருந்ததால் தமிழை எங்களைப் போலவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சிங்களம் கலக்கும். ஒரு சுருளைப் பிரித்துப் பார்த்தார். அடுத்ததைப் பிரித்தார். வரிசையாகப் பிரித்துக்கொண்டே போனார்.

"என்ன கண்டாக்கு, இது தேயிலையா, புழுவுக்குக் கட்டின லயமா? காம்பரா காம்பராவா குடியிருக்கு."

நான் பிரம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

"ரெண்டு மாசம் தாறேன். கொழுந்து பழையபடி வரணும். வராட்டி நாலு மலையையும் ஒரே மூச்சில கவ்வாத்து வெட்டிப் போடுறேன்."

கவ்வாத்து வெட்டினால் செடி முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நிற்கும். மறுபடி கொழுந்தெடுக்க மாதக்கணக்கு ஆகும். எப்போதும் ஒவ்வொரு மலையாகத்தான் வெட்டுவார்கள். அப்போது ஆட்கள் மற்ற மலைகளில் எடுப்பார்கள். மேல் டிவிஷனுக்கு இருப்பதே இந்த நாலு மலை. நாலையும் ஒன்றாக வெட்டினால் அங்கே கொழுந்தெடுக்கும் நாற்பத்தெட்டுப் பெண்களுக்கும் அதுவரை வேலை இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்குக் காரணம் யார் என்பதும் லயத்துக்கே தெரியும்.

தொரை போனபிறகு செல்லாயி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஐயா ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. நான் புள்ளையா கூடை தூக்குன நாளையிலருந்து இந்தப் புழுவப் பாக்குறேன். ஐயா வந்தப்புறம்தான் அதுக்கு இவ்வளவு தைரியம் வந்திருக்கு."

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்தது ரொட்டி. சுருட்டி வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

3. டபுள் கலவை

பயந்தவன் செய்வதைத்தான் நானும் செய்தேன். நாலு மலையையும் மூலை மூலையாகச் சுற்றினேன். எட்டாம் மலையின் அடியில் ஓடையை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது. மரத்தடியில் சூலம் நட்டு, முனியாண்டி கோயில் என்று சொல்வார்கள். அந்த வளைவில் இருந்த சில நூறு செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன. கோயில் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் தீய்ந்த ரொட்டி, அந்தப் பக்கம் கொழுந்து.

என் மூளை உடனே வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் எனக்கு ஆபத்துத்தான். 'இங்கே மட்டும் மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது. கங்காணி இங்கே இரண்டு மடங்கு ஊற்றியிருக்கிறார்.'

"கங்காணி, முனியாண்டி வளைவுல என்ன கலவையில அடிச்சீங்க?"

மருதமுத்து கங்காணி தன் கால் பெருவிரலைப் பார்த்தார். "வழமையான கலவைதாங்க ஐயா."

"மறைக்காதீங்க. டபுளா ஊத்தியிருக்கீங்க."

"இல்லீங்க ஐயா."

"நான் கோபப்படல கங்காணி. நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. நாளைக்கே நாலு மலைக்கும் அதே டபுள் கலவை அடிக்கிறோம்."

பாராட்டு வாங்கிய மனிதர் அப்படி வெளிறிப்போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் பீப்பாயில் தண்ணீர் நிறைந்திருந்தது. நானே மருந்து டின்னின் மூடியைத் திறந்தேன். கங்காணி தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, டின்ன மூடுங்க."

"ஏன்?"

"அந்த வளைவுல நாங்க மருந்தே அடிக்கலீங்க."

நாற்பத்தெட்டுப் பெண்களும் கூடையோடு கிட்ட வந்து நின்றார்கள். நான் கூப்பிட்டு அப்படி வந்ததில்லை.

"சாமி எல்லைக்குள்ள செருப்புக்கூடப் போட்டுப் போக மாட்டோம். விசத்தத் தோள்ல சுமந்துகிட்டு எப்புடிங்க போறது? எல்லைக்கல்லோட திரும்பிட்டோம். ஐயாகிட்ட அடிச்சாச்சுன்னு சொல்லிட்டேன். அரைப்பேர் போட்டாலும் போடுங்க. டபுளா மட்டும் அடிக்கச் சொல்லாதீங்க."

செல்லாயி பின்னாலிருந்து சொன்னார்: "கங்காணி ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்காரு. டிவிஷன்லயே அது மட்டுந்தான் பச்சையா இருக்கு."

ஒரு கண்டாக்கையாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. எனக்குக் கணக்குத்தான் ஓடியது. அடித்த இடமெல்லாம் புழு. அடிக்காத இடத்தில் புழு இல்லை. மூடியை எடுத்து டின்னில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி மூடினேன்.

4. ஜாம் போத்தல்

சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு வளைவுக்குள் போனேன். அங்கேயும் சுருள் இருந்தது. அங்கொன்று, இங்கொன்று. ஒன்றைப் பிரித்தேன். புழு இல்லை. வற்றிப்போன தோல் ஒன்று கிடந்தது. அதன் பக்கத்தில் சோற்றுப் பருக்கைகளை ஒட்டவைத்தது போல ஒரு கொத்துக் கூடு.

புழுவுக்குள்ளிருந்து வேறொன்று வந்திருக்கிறது. 'சரி, ரெண்டாவது வியாதியும் வந்துவிட்டது. இதற்கும் நான்தான் காரணமாக இருப்பேன்' என்று நினைத்துக்கொண்டேன். நாலைந்து சுருளை ஒரு ஜாம் போத்தலில் போட்டு, மேலே துணி கட்டி, டிவிஷன் ஒபீசில் மேசைமேல் வைத்தேன்.

சில நாள் கழித்துப் போத்தலுக்குள் ஒரே பறப்பு. மெல்லிய உடம்பு, மஞ்சளும் பழுப்புமான நிறம், தலையில் நீண்ட இரண்டு மயிர். குளவி. பத்து இருபது அல்ல, எண்ண முடியாத அளவுக்கு. துணி வேறு சரியாகக் கட்டப்படவில்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிப் பிரிவுக்குப் போன் போட்டேன். அங்கிருந்த அதிகாரி பொறுமைசாலி.

"எத்தனை குளவி வந்திருக்கு?"

"எண்ணல சேர். நான் கதிரைக்கு மேல நிக்கிறேன்."

"இறங்குங்க, அது உங்களைக் கொட்டாது. அந்தச் சுருள் புழுவுக்குள்ள முட்டை போடுறது அதுதான். ஒரே புழுவைத் தின்னு ஒரு பட்டாளமே வளந்து வெளிய வரும். மருந்து ஏதும் அடிச்சீங்களா?"

"கொஞ்சம் சேர்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"நாலு மலைக்கு சேர்."

அதிகாரி சொன்னார்: "புழு சுருளுக்குள்ள இருக்கு. மருந்து அங்க சரியாப் போகாது. குளவி வெளியில பறக்குது. இப்ப சொல்லுங்க, மருந்து யார் மேல பட்டிருக்கும்?"

நான் கதிரையிலிருந்து இறங்கினேன்.

5. பலகையில் போட்ட கோடு

ஸ்டோரில் பழைய பலகைத் தேயிலைப் பெட்டிகள் கிடந்தன. கொழும்புக்குத் தூள் அனுப்பக் காகிதப் பை வந்தபிறகு அவற்றைக் கேட்பார் இல்லை. ஒரு பெட்டியின் பக்கப்பலகையில் சோக்கால் வட்டங்கள் போட்டேன். தேயிலை, சுருள் புழு, சிவப்புச் சிலந்தி, எறும்பு, வலைச் சிலந்தி, குருவி, குளவி. யார் யாரைத் தின்கிறார்களோ அவர்களுக்கிடையில் ஒரு கோடு.

போட்டு முடித்ததும் ஒன்று விளங்கியது. வலைச் சிலந்தியை அழித்துப் பார்த்தேன். அதன் வேலையை எறும்பும் குருவியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எறும்பை அழித்தேன். படம் கொஞ்சம் ஆடுகிறது, விழவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் போனால் மலைக்குத் தெரியாது. ஆனால் சுருளுக்குள் ஒளிந்திருக்கும் புழுவைப் பெரிய அளவில் தேடிப்பிடிக்க முடிகிற ஆள் இந்தக் குளவி ஒன்றுதான். அந்த ஒரு வட்டத்தை அழித்தால், புழுவைப் பிடித்துவைத்திருந்த கோடு மொத்தமாகப் போய்விடுகிறது.

தோட்டமும் அப்படித்தான். பிற்பாடு ஒரு முறை தொரை மூன்று வாரம் லீவில் போனார். கொழுந்து வழமைபோல ஸ்டோருக்குப் போனது. என்னை ஒரு வாரம் காய்ச்சல் படுக்கவைத்தது. டிவிஷன் இன்னும் நன்றாக நடந்தது என்று கேள்வி. ஆனால் கொழுந்து லொறி டிரைவர் அரை நாள் பல்வலி என்று இரத்தினபுரிக்குப் போனார். அன்றைய கொழுந்தெல்லாம் சாக்கிலேயே வெந்துபோனது. பெரிய நாற்காலி எது என்று பார்ப்பதால் பயனில்லை. எத்தனை வேலை அந்த ஒரு ஆளின் வழியாக மட்டும் போகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் விளங்கியது. மருந்து எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரிப் போயிருந்தால் குளவியின் வம்சமே எங்கள் மலையில் முடிந்திருக்கும். தொடாத மூலை ஒன்று மிச்சம் இருந்ததால்தான் மறுபடி தொடங்க விதை இருந்தது.

6. நானாவின் கடை

திட்டம் இதுதான். முனியாண்டி வளைவிலும், மருந்து போகாத பக்கத்துக் காட்டோரத் தேயிலையிலும் உள்ள சுருள்களைப் பொறுக்கி, பெட்டியில் போட்டு, நாலு மலையிலும் வைப்பது. ஒரே ஒரு சிக்கல். சில சுருளில் குளவி பிடிக்காத புழுவும் இருக்கும். அது பெட்டியிலேயே அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால், புழுவை நானே விநியோகம் செய்ததாகிவிடும். ஆகவே பெட்டி வாய்க்குப் போடும் வலை, குளவியை வெளியே விட வேண்டும், அந்துப்பூச்சியை விடக்கூடாது.

ஒரு நெருப்புப்பெட்டியில் செத்த குளவியையும் செத்த அந்துப்பூச்சியையும் வைத்துக்கொண்டு றக்வானை பஸாருக்கு இறங்கினேன். ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் அண்ணன், எங்கள் வாயில் நானா, தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செல்லுங்கோ தம்பி, என்ன வலை? கோழிக்கா, நுளம்புக்கா?"

"குளவிக்கு நானா."

"குளவி வராம தடுக்கவா?"

"இல்ல, குளவி போறதுக்கு."

நானா தராசை வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். நெருப்புப்பெட்டியைத் திறந்து காட்டினேன். பிறகு இருவருமாகச் சுருள் சுருளாக வலையை இறக்கி, ஒவ்வொரு கண்ணிலும் குளவியை நுழைத்துப் பார்த்தோம். காலளவு பார்த்துச் செருப்பு வாங்குவது போல. மூன்றாவது வலையில் குளவி போனது, அந்துப்பூச்சியின் தோள் முட்டியது.

"இது சரி," என்றார் நானா. "ஆனா தம்பி, தொரை கேட்டா ஏன்ட கடையில வாங்கினதெண்டு செல்ல வாணாம். எனக்கு யாவாரம் நடக்க வேணும்."

7. இறக்குமதி

பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடிக்கவே கால்மணி நேரம் ஆனது. "கொழுந்தெடுக்குற கைக்குப் புழு பொறுக்குற வேலையா? பேர் உண்டுங்களா ஐயா?" என்றார் செல்லாயி. உண்டு என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. முனியாண்டி எல்லையில் கை வைப்பதற்கு முன் கங்காணி தேங்காய் உடைத்து அனுமதி கேட்டார். தேங்காய் நேராகப் பிளந்தது. எனக்கு வந்த முதல் நல்ல செய்தி அதுதான்.

இரண்டாம் நாள் தொரையின் ஜீப் வந்தது. முப்பது பெண்கள் கூடையில் புழுச் சுருளை நிரப்பிக்கொண்டு, புழு பிடித்த மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் நான், தலையில் அந்தப் படம் போட்ட பெட்டி.

"கண்டாக்கு, இது என்ன?"

"புழு சேர்."

"வெளிய கொண்டு போறீங்களா?"

"இல்ல சேர். உள்ள கொண்டு வாறோம்."

"உனக்குப் பிஸ்ஸுத?" தொரை ஜீப்பிலிருந்து இறங்கினார். அவர் சிங்களத்தில் பைத்தியமா என்று கேட்டால் 'ஆமாம் சேர்' என்று சொல்லி ஒதுங்குவதுதான் என் வழக்கம். அன்று என்ன வந்ததோ, பெட்டியை இறக்கிவைத்து அதன் பக்கப்பலகையில் இருந்த சோக்குக் கோடுகளைக் காட்டினேன். இறக்கிய வேகத்தில் என் சட்டை உரசிக் குளவி வட்டம் பாதி அழிந்தது. தொரை குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"நான் சொன்ன ரெண்டு மாசத்துல ஒரு நாளும் கூடாது," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

மலைக்கு மூன்று பெட்டி, ஒவ்வொன்றும் நாலு கம்புக் காலில். எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் தகரப் பேணியில் தண்ணீர். நாள்தோறும் புதிய சுருள். மருந்து டாங்கிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம். முதல் மாதம் ஒன்றுமே மாறவில்லை. நான் காலையில் ஒரு சுருள், மாலையில் ஒரு சுருள் என்று பிரித்துப் பார்ப்பேன். கொழுத்த புழு. மறுபடி கொழுத்த புழு. செல்லாயி தன் கூட்டத்திடம் சொன்னார்: "ஐயா கிட்டப் போகாதீங்கடி. புழு வந்து முழுப்பேர் கேட்டா அதுக்கும் போட்டுக் குடுப்பாரு."

பெட்டி வைத்த ஆறாவது வாரம். ஏழாம் மலையில், பெட்டியிலிருந்து வெகுதூரத்தில் ஒரு சுருளைப் பிரித்தேன். சோற்றுப் பருக்கைக் கொத்து. அடுத்ததைப் பிரித்தேன். அதிலும். நான் கத்திய கத்தலில் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்துக் கங்காணி கயிற்றுடன் ஓடிவந்தார்.

"என்னங்க ஐயா, எங்க கடிச்சது?"

"கங்காணி, இது நாம வச்ச குளவி இல்ல. அதோட பேரன்."

தவணை முடிந்த நாள் தொரை கவ்வாத்துக்கான ஆள் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்தார். நாலு மலையிலும் நடந்தார். சுருளைத் தேடித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தவற்றில் முக்கால்வாசியில் கூட்டுக் கொத்து. அதற்கிடையில் நிறுவைக்கு நேரமாகிவிட்டது. நாற்பத்தெட்டுக் கூடையும் வரிசையில் வந்து கவிழ்ந்தன. பச்சை, பச்சை, பச்சை. லொறி நிறைந்து போனது. நிலத்தில் இன்னும் கொழுந்து குவிந்து கிடந்தது.

"லொறி ரெண்டாம் தரம் வரணும் சேர்," என்றேன். அந்த வாக்கியத்தை அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

தொரை பட்டியலை எடுத்து நாலாகக் கிழித்து என் கையில் கொடுத்தார். "எல்லாருக்கும் முழுப்பேர் போடுங்க. எந்த மருந்து அடிச்சீங்கன்னு ஹெட் ஒபீஸ் கேப்பாங்க. என்ன எழுதுறது?"

"ஒண்ணும் அடிக்கலன்னு எழுதுங்க சேர்."

அதற்குப் பிறகு பல வருஷம், பல டிவிஷன். பயம் என்னை விட்டுப் போகவில்லை. அதற்கும் நான் பழகிவிட்டேன். ஆனால் எதையாவது அகற்றச் சொல்லிக் கை துறுதுறுக்கும்போது, அதில் எத்தனை கோடு வந்து முடிகிறது என்று முதலில் போட்டுப் பார்ப்பேன். தெரியாவிட்டால் ஒரு மூலையையாவது தொடாமல் விடுவேன். புதிதாக உத்தியோகத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அன்று லொறி இரண்டாம் தரம் ரோட்டு வளைவில் ஏறி வரும் சத்தம் கேட்டபோது, வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற செல்லாயி தொரைக்கும் கேட்கும்படியாகவே கேட்டார்:

"புழு வளத்து முடிச்சாச்சு. அடுத்து என்னாங்க ஐயா, அட்டையா?"

முதலில் சிரித்தது தொரைதான்.